அணையா அடுப்பும் அலையாத்திக் காடும்

கடலூர் மாவட்டம் வடலூரில், வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச் சாலையில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அன்று மூட்டிய தீ இன்றுவரை அணையவிடப்படவில்லை என்பதால் அதற்கு அணையா அடுப்பு என்றே பெயர். பசித்து வருபவர்களுக்கு நாள்தோறும் அங்கே சோறு ஆக்கிப் போடுகிறார்கள். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அந்த அடுப்பையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். சிறு வயதில் அதன் முன் நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. 1867இல் எரிந்த விறகு அன்றைக்கே சாம்பலாகிவிட்டது. அன்று எழுந்த சுடரின் ஒரு துளிகூட அடுத்த நொடிவரை தங்கியிருக்காது. விறகும் காற்றும் கணந்தோறும் புதியவை. அப்படியானால் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து எரிந்துகொண்டிருப்பதாக நாம் சொல்லும் அந்த 'அதே தீ' எது?

உயிர் என்றால் என்ன என்று ஆராய்ந்தவர்கள் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்த கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதன் ஒரு பாதி நன்றாகத் தெரியும். ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறது, சுவரின் பூச்சு உதிர்கிறது, கூரை ஓலை மக்குகிறது. எதையும் அப்படியே விட்டுவைத்தால் அது சீர்குலையும் என்பதுதான் உலகத்து வழக்கம், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வதும் அதுவே. ஆனால் அதே சுவரின் விரிசலில் முளைத்த அரசங்கன்று அதே உப்புக் காற்றில் நாளுக்கு நாள் தழைக்கிறது. இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த முரணைத்தான் எடுத்துக்கொண்டார். உயிருள்ளவை சுற்றுப்புறத்திலிருந்து ஒழுங்கை உள்வாங்கிக்கொண்டு, ஒழுங்கின்மையை வெப்பமாகவும் கழிவாகவும் வெளியே தள்ளுவதால்தான் குலையாமல் நிற்கின்றன என்பது அவர் தந்த விடை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ நூறு வாட் குண்டு பல்பின் அளவுக்கு வெப்பத்தை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. விதி எங்கும் மீறப்படவில்லை. நாம் உள்ளே சீராக இருப்பதற்கான விலையை வெளியே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டம் இருந்தால் அதிலிருந்து வடிவம் தானாகவே எழும் என்பதை உயிரற்ற பொருள்களும் காட்டுகின்றன. மழைக்காலத்தில் கெடிலம் ஆறு பாலத்தூணில் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு சுழல் உருவாகிறது. அதற்குள் வரும் நீர் நொடிக்கு நொடி மாறினாலும் சுழல் மட்டும் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது. வெள்ளம் வடிந்தவுடன் சுழலும் இல்லை. இத்தகைய வடிவங்களைப் பற்றிய கோட்பாட்டை வகுத்ததற்காக பெல்ஜிய அறிவியலாளர் இல்யா பிரிகோஜினுக்கு 1977இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சமநிலையிலிருந்து விலகி, ஆற்றலைத் தொடர்ந்து செலவழித்துக்கொண்டிருக்கும் வரையில் மட்டுமே நிலைத்திருக்கும் ஒழுங்கு என்று அதைச் சொல்லலாம். அணையா அடுப்பின் தீயும் இந்த வகையைச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இருக்கிறது. அங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணிக்கப்படுகின்றன. அவை புதைந்து கிடந்த பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்தின் நார்களுக்குள் சிலிக்கா ஊறிப் படிந்ததால் ஆண்டு வளையங்களும் கணுக்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. வடிவத்தைக் காப்பதுதான் உயிரின் அடையாளம் என்றால் எந்த உயிரும் இந்தக் கல்லோடு போட்டியிட முடியாது. கல்மரத்தில் எதுவும் உள்ளே போவதில்லை, எதுவும் வெளியே வருவதில்லை. அதனால் அது மாறாமல் இருக்கிறது. கல்மரப் பூங்காவின் வேலிக்கு வெளியே நிற்கும் வேப்பமரமோ வேரால் நீரை உறிஞ்சி, இலையால் காற்றை வாங்கி, பழுப்பை உதிர்த்துத் தளிரை விட்டு, தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அதே மரமாக இருக்கிறது.

நம் உடலும் வேப்பமரத்தின் பக்கம்தான் என்பதை 1930களில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் சோதனையால் நிறுவினார். அதுவரை உடலை ஒரு இயந்திரமாகவும், உணவை அதற்கு ஊற்றும் எரிபொருளாகவும் பலர் கருதினர்; எரிபொருள் எரிந்து போகும், இயந்திரத்தின் பாகங்கள் அப்படியே இருக்கும் என்பது அந்தப் பார்வை. கனமான ஹைட்ரஜன், கனமான நைட்ரஜன் ஆகியவற்றால் அடையாளமிட்ட உணவை விலங்குகளுக்குக் கொடுத்து, அந்த அணுக்கள் எங்கே போகின்றன என்று அவர் தேடினார். முழு வளர்ச்சி பெற்று, எடை கூடாமலும் குறையாமலும் இருந்த விலங்குகளில்கூட அவை தசையிலும் கொழுப்பிலும் போய்ச் சேர்ந்திருந்தன. பாகங்களே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சம் அளவில் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. குடலின் உள்பூச்சு ஒரு வாரத்துக்குள் மாறிவிடுகிறது. செல்களின் ஆற்றல் தேவைக்குக் கைச்செலவுக் காசு போன்ற ஏ.டி.பி. மூலக்கூறு உடலில் எந்நேரமும் கொஞ்சமே இருந்தாலும், ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுவதால் ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறக்குறைய நம் உடல் எடையை எட்டிவிடும். விதிவிலக்குகளும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்: கண் வில்லையின் நடுப்பகுதியில் உள்ள புரதமும் பல்லின் எனாமலும் உருவான பிறகு மாற்றப்படுவதில்லை. முதுமையில் கண்புரை வருவதற்கும் சொத்தைப்பல் தானாக ஆறாததற்கும் இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவற்றில் தீக்கும் உயிருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த வேறுபாட்டில்தான் பொருளின் மையம் இருக்கிறது என்பது என் எண்ணம். வடலூரின் தீ தனக்கான விறகைத் தேடிப் போவதில்லை. அடுப்பைக் கட்டியதும் அது அன்று. சாம்பலை அள்ளுவதும் அது அன்று. நன்கொடையாக வரும் அரிசியும் விறகும், முறை வைத்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கைகளும், உண்டு எழுந்தவர் மனநிறைவும் சேர்ந்துதான் அதை அணையாமல் வைத்திருக்கின்றன. உயிருள்ள செல்லோ தன் விறகைத் தானே தேடுகிறது, தன் சாம்பலைத் தானே அள்ளுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் அடுப்பைத் தானே கட்டிக்கொள்கிறது. சிலி நாட்டு உயிரியலாளர்கள் உம்பெர்த்தோ மத்துரானாவும் ஃபிரான்சிஸ்கோ வரேலாவும் 1970களின் தொடக்கத்தில் இதற்குத் 'தன்னைத் தானே ஆக்குதல்' என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லை உருவாக்கினார்கள். எந்த வினைகளால் ஒரு பொருள் ஆகிறதோ, அந்த வினைகள் நடப்பதற்கான இடத்தையும் கருவிகளையும் எல்லையையும் அந்த வினைகளே திரும்ப உண்டாக்க வேண்டும். இந்த வட்டம் மூடியிருக்கும் வரையில் அது உயிர்.

அந்த எல்லையின் பெயர் செல் சவ்வு. அதன் தடிமன் சுமார் ஐந்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. ஒரு முனை நீரை நாடுவதும் மறுமுனை நீரை வெறுப்பதுமான கொழுப்பு மூலக்கூறுகள், நீரில் விடப்பட்டால் யாரும் அடுக்காமலே இரட்டை வரிசையாகச் சேர்ந்து நின்றுகொள்ளும். இது இயற்பியல் இலவசமாகக் கொடுப்பது. ஆனால் அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளைத் தயாரிக்கும் நொதிகள் பெரும்பாலும் சவ்வின் மேலேயே அமர்ந்திருக்கின்றன. அந்த நொதிகள் வேலை செய்யத் தேவையான மூலப்பொருள்களைச் சிதறிவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் அதே சவ்வு. சவ்வு இல்லாவிட்டால் சவ்வைச் செய்ய முடியாது. அதனால்தான் இன்றுள்ள ஒவ்வொரு செல்லும் வேறொரு செல் பிரிந்து வந்ததாகவே இருக்கிறது. வெற்று நீரில் புதிதாக ஒரு செல் தோன்றியதை யாரும் பார்த்ததில்லை.

சவ்வு வெறும் சுவராக இருந்தாலும் போதாது, அது ஆள் பார்த்துத் திறக்கும் கதவாகவும் இருக்க வேண்டும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் விவரித்த சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. அதற்காக அவர் 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பது போன்ற இந்த ஒரே வேலைக்குப் போகிறது. உடலின் உள்நிலையை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும் இத்தகைய ஏற்பாடுகளை தன்னிலை காத்தல் என்று பாடநூல்கள் சொல்லும். கத்திரி வெயிலில் நமக்கு வியர்ப்பதும், தாகம் எடுப்பதும், சிறுநீர் குறைவதும் அதன் பகுதிகள்தாம். நம் இரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஈடாக மருத்துவமனையில் ஏற்றப்படும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். கடல்நீரில் அது 35 கிராம் அளவில் இருக்கிறது. தாகத்துக்குக் கடல்நீரைக் குடித்தவர் மேலும் வறண்டுபோவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

அப்படிப்பட்ட நீரில் காலை ஊன்றிக்கொண்டு ஓர் அலையாத்திக் காடு நிற்கிறது. கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில், உப்பங்கழிகளால் பிரிக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகப் பரந்திருக்கிறது பிச்சாவரம். 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் முட்டுவேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால் சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் வெண்கண்டலுக்கு உரியவை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும், கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடிய தன் பாலோடு, இங்கேதான் வளர்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய ஒரு கலப்புச் சுரபுன்னை இனம் 1995இல் இங்கிருந்து விவரிக்கப்பட்டது.

கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி நீரை மட்டும் எடுக்க வேண்டுமானால் சுமார் 25 வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சிய விசை தேவை. பெருநகரங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மின்சார மோட்டாரால் செய்வது இதைத்தான். கண்டல் என்றும் அழைக்கப்படும் அலையாத்தி மரங்களின் தண்டுக்குள் இருக்கும் நீர் அதைவிடக் கூடுதலான இழுவிசையில் இருப்பதை 1960களில் ஸ்கொலாண்டர் என்ற உடலியலாளர் அளந்து காட்டினார். வேர்களுக்கு நச்சு கொடுத்து அவற்றின் சுவாசத்தைத் தடுத்த பின்பும் உப்பு வடிகட்டப்படுவது தொடர்ந்தது என்றும் அவர் கண்டார். எனவே அங்கே இறைப்பது செல்களின் பம்பு அன்று. இலையிலிருந்து நீரை ஆவியாக்கும் வெயில்தான் மோட்டார். ஓட்டத்தை வெயில் கொடுக்கிறது, வடிகட்டியை மரம் கட்டுகிறது. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே நிறுத்திவிடும். வெண்கண்டல் உள்ளே வந்துவிட்ட மிச்சத்தை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். வெயில் நேரத்தில் அதன் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றில் காற்று இல்லாத குறையை, ஓதம் என்னும் கடலின் ஏற்றநீர் வற்றியிருக்கும் நேரத்தில் மூச்சுவேர்கள் தம் நுண்துளைகளால் காற்றை உள்ளே இழுத்துத் தீர்த்துக்கொள்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, வேர்விடத் தயாரான கன்றாகவே கீழே விழுகிறது.

மரம் அளவில் நடப்பது இது. காட்டளவில் நடப்பது இன்னும் வியப்புக்குரியது. வேர்களின் அடர்த்தியில் ஓதநீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலைப் படியவிடுகிறது. வண்டல் படியப் படியத் தரை உயர்கிறது. ஓதம் வந்து கழுவிவிட்டுத் திரும்பிப் போகும் அளவுக்கு உயர்ந்த அந்தத் தரையில்தான் அடுத்த கன்று பிழைக்கிறது. நண்டுகள் தோண்டும் வளைகள் வழியாக நீரும் காற்றும் சேற்றின் ஆழத்துக்குப் போகின்றன. உதிர்ந்த இலைகளை நுண்ணுயிர்கள் சிதைக்க, அந்தச் சிதைவை இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உண்டு வளர்கின்றன. கழிகளில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் உலை வரைக்கும் அந்த இலை வந்து சேர்கிறது. இதனால் காட்டை ஒரே உடல் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த அளவுக்கு என்னால் போக முடியவில்லை. காட்டுக்குச் சவ்வு இல்லை, ஒரே மரபுப் பொருள் இல்லை, அது தன்னைப் போன்ற இன்னொரு காட்டை ஈன்றெடுப்பதும் இல்லை. ஆனாலும் தான் நிற்பதற்கான தரையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்ற ஒரு செய்தியில், அது தீயைவிடச் செல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இந்த நெருக்கம் உவமைக்காகச் சொன்னதன்று. வட்டம் அறுந்தபோது என்ன நடந்தது என்பதைப் பிச்சாவரமே காட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தக் காடு பகுதி பகுதியாக முறை வைத்து மொட்டையாக வெட்டப்பட்டது. ஒரு பகுதியை வெட்டிவிட்டுச் சில ஆண்டுகள் விட்டுவைத்தால் அது தானாகத் தழைத்துவிடும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. உள்நாட்டுக் காடுகள் பலவற்றில் அப்படித்தான் நடந்திருந்தது. இங்கே நடக்கவில்லை. நிழல் போனதும் ஈரமான களிமண் நேரடி வெயிலில் காய்ந்து சுருங்கியது; தரை தாழ்ந்து நடுவில் தொட்டி போன்ற பள்ளம் விழுந்தது. ஏறிவந்த ஓதநீர் பள்ளத்தில் தங்கிவிட்டது, வற்றும்போது வெளியேற வழியில்லை. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான் என்பதால், ஒரு சாண் பள்ளம்கூட ஓட்டத்தை நிறுத்திவிடப் போதும். தேங்கிய நீர் கோடை வெயிலில் ஆவியாக ஆவியாக மண்ணின் உப்பு கடல்நீரின் அளவையும் தாண்டியது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்காது. மரம் இல்லாததால் பள்ளம், பள்ளம் இருப்பதால் மரம் இல்லை என்று இதுவும் ஒரு வட்டமாக மூடிக்கொண்டது. முன்பு காட்டைக் காத்த அதே பிணைப்பு, இப்போது வெட்டவெளியைக் காக்கத் தொடங்கியது.

பாழான இடத்தைப் பார்த்தவர்களின் பார்வையில் முதலில் பட்ட காரணம் வேறு. சுற்றுவட்டாரத்து மக்கள் விறகு வெட்டுவதாலும் மாடு மேய்ப்பதாலும்தான் காடு அழிகிறது என்று எளிதாகச் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மேற்கொண்ட ஆய்வும் மீட்புப் பணியும் பழைய வெட்டுமுறையையே முதன்மைக் காரணமாகக் கண்டன. காரணம் சரியாகப் பிடிபட்டதால் மருந்தும் மாறியது. வெறுமனே கன்று நடுவதை விட்டுவிட்டு, இயற்கைக் கழியிலிருந்து பள்ளத்துக்குள் சாய்வாக ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் மீன் முள்ளைப் போலக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியது. தேங்கிய உப்பு மெல்ல மெல்லக் கழுவப்பட்டது. அதன்பிறகு வாய்க்கால் கரைகளில் வைத்த வெண்கண்டல் கன்றுகள் பிடித்துக்கொண்டன. காட்டை அவர்கள் செய்யவில்லை. காடு தன்னைச் செய்துகொள்வதற்கு வேண்டிய ஓட்டத்தைத் திறந்துவிட்டார்கள். மரம் நடும் விழாக்கள் நடக்கும் ஒவ்வொரு கடலோர ஊரிலும் இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும் என்று விரும்புகிறேன். ஓதம் எட்டாத இடத்திலும் தேங்கும் இடத்திலும் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை எதையும் தீர்மானிப்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபின் இந்தக் காட்டின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக 2005இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று கடலூர்க் கரையின் மரப்பரப்பைப் பற்றியது, மற்றொன்று பிச்சாவரத்தை ஒட்டிய 18 மீனவக் குடியிருப்புகளைப் பற்றியது. கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரும்பகுதி வேறுபாட்டை விளக்குகின்றன என்று வேறு அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆயினும் உயரமான தரையும் கரையிலிருந்து தொலைவும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், நூற்றாண்டுகளாக வண்டலைப் பிடித்துத் தரையாக்கிய வேர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

காட்டுக்கு வேண்டிய ஓட்டங்களில் ஓதம் ஒன்று மட்டும். மற்றொன்று மேற்கிலிருந்து வரும் ஆற்றுநீர். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் நன்னீர் கழிகளின் உப்பை வெகுவாகக் குறைத்து, புதிய வண்டலையும் சத்துகளையும் தருகிறது. கோடையில் அது வற்றும்போது உப்பு மீண்டும் கடலளவுக்கு ஏறுகிறது. மேலே அணைகளும் மதகுகளும் நீரை நிறுத்தும் ஆண்டுகளில் மழைக்காலத்துக் கழுவல் சுருங்கிப்போகிறது. அதிக உப்பைத் தாங்கும் வெண்கண்டலுக்கு அது சாதகம். நன்னீரைக் கூடுதலாக நாடும் இனங்களுக்கு இடம் குறைகிறது. காடு அழியாமல் இருந்தும் வேறு காடாக மாறும் வழி இது.

வெட்டிய வாய்க்கால்களிலும் வண்டல் படிகிறது. ஓட்டத்தைத் தடுத்து வண்டலைப் பிடிப்பது மரங்களின் இயல்பு என்பதால், அவை வளர வளர அவற்றுக்கு உயிர் கொடுத்த வாய்க்காலின் வாயே அடைபடக்கூடும். அதனால் ஓதம் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து, இடுப்பளவு சேற்றில் ஆட்கள் இறங்கி, மூச்சுவேர்களை ஒடித்துவிடாமல் மண்வெட்டியால் அவ்வப்போது தூர்வார வேண்டியிருக்கிறது.